திரைக்கு முன்னால் ஆடுவது வேறு, டம்ப் டைப் செய்தது வேறு

கேள்வி இதுதான்: “ஜப்பானில் டம்ப் டைப் என்று ஒரு குழு, நடனத்தையும் வீடியோவையும் சேர்த்து மேடையேற்றுகிறது என்று சிலாகிக்கிறார்கள். இன்று கல்யாண ரிசப்ஷனில்கூட எல்.இ.டி. திரை போட்டு அதற்கு முன்னால் ஆடுகிறார்கள். இதில் அப்படி என்ன விசேஷம்? எங்கே தொடங்கிப் பார்ப்பது?”

உங்கள் சந்தேகம் பாதிக்கு மேல் சரி. நடனமும் வீடியோவும் என்று விளம்பரம் செய்யும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றில் படம் பழைய நாடகத்துப் படுதாவின் வேலையைத்தான் பார்க்கிறது. பாட்டில் மழை வந்தால் திரையில் மழை, காடு வந்தால் காடு. திரையை அணைத்துவிட்டாலும் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இந்த மாதிரி எதைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது ஒரு விஷயத்தை: இங்கே யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? படம் ஆடுபவருக்காகவா, ஆடுபவர் படத்துக்காகவா? ஜப்பானியக் குழுக்கள் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன. டம்ப் டைப்பின் பதில்தான் எல்லாவற்றிலும் கடுமையானது.

நானும் சில வருடங்கள் மேடைகளுக்குப் புரொஜெக்டர் கட்டிய ஆள்தான். முதல் நிகழ்ச்சியில் புரொஜெக்டரை பால்கனியில் வைத்தேன். திரை அழகாகத் தெரிந்தது. ஆடுபவர் மேடைக்கு வந்ததும் அவருடைய முகத்தில் பாதி நிலா, பின்னால் திரையில் பத்தடி உயரத்துக்கு அவருடைய நிழல். நிழலைக் கொல்ல விளக்குக்காரர் மேடை விளக்கைக் கூட்டினார், படம் வெளுத்துப்போனது. குறைத்தால் ஆடுபவர் தெரியவில்லை. படத்துக்கு இருட்டு வேண்டும், உடம்புக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டையும் ஒரே மேடையில் வைப்பது என்பதே ஒரு சண்டை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஜப்பானியர்கள் செய்வதன் அருமை எனக்குப் புரிந்தது.

இந்தக் கலப்படம் அங்கே புதிதும் அல்ல. 1910களில் ‘ரென்சாகேகி’ என்று ஒரு வகை நாடகம் சக்கைப்போடு போட்டது. சங்கிலி நாடகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை நடிகர்கள் மேடையில் நடிப்பார்கள். துரத்தல், ஆற்றங்கரை என்று வெளியே நடப்பவை வந்தால் விளக்கு அணையும், திரை இறங்கும், அதே நடிகர்கள் சினிமாவில் ஓடுவார்கள். அப்புறம் மறுபடி மேடை. 1950களில் டோக்கியோவில் ‘ஜிக்கென் கோபோ’ என்ற கலைஞர் கூட்டம், பின்னாளில் சோனியான கம்பெனி செய்த தானியங்கி ஸ்லைடு கருவியை வைத்து ஒலியையும் படத்தையும் இணைத்துப் பார்த்தது. ஆக, டம்ப் டைப் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை.

இன்றைய குழுக்களில் உங்கள் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம் உள்ளது என்ரா. நொபுயுகி ஹனபுசா 2012இல் தொடங்கியது. வெள்ளை உடையில் இரண்டு பெண்கள் ஆட, அவர்கள் கை போகும் இடமெல்லாம் ஒளிக்கோடுகள் சிதறும் அந்தச் சிறிய வீடியோ இணையத்தில் உலகம் பூராவும் சுற்றியது. பார்ப்பவர்கள் பலரும் ஏதோ சென்சார் இருக்கிறது, கையைத் தொடர்ந்து கம்ப்யூட்டர் படம் வரைகிறது என்றே நினைக்கிறார்கள். கிடையாது. படம் முன்னாலேயே செய்து முடித்தது. இசை தொடங்கினால் அது பாட்டுக்கு ஓடும். ஆடுபவர்தான் அந்த ஒளிப்பொறி பிறக்கும் இடத்தில், பிறக்கும் நொடியில் கையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இத்தனைக்கும் திரை இருப்பது அவர் முதுகுக்குப் பின்னால். அவர் எதையும் பார்ப்பதில்லை. எண்ணிக்கையும் இசையும்தான் அவருக்குக் கண். அரை மாத்திரை பிசகினால் மாயாஜாலம் அம்பலமாகிவிடும். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ், குங்ஃபூ, பந்து வித்தை என்று அளவு பிசகாத பழக்கமுள்ளவர்கள் அந்தக் குழுவில் இருப்பது தற்செயல் அல்ல. ஆக, அங்கே படம் எஜமான், உடம்பு அதற்கு மிகச் சந்தோஷமான வேலைக்காரர்.

மறுபக்கம் இருப்பது நடன இயக்குநர் மிகிகோவின் எலெவன்ப்ளே என்ற நடனக்குழுவும், கம்ப்யூட்டரை வைத்துக் கலை செய்யும் தைதோ மனாபே இருக்கும் ரைசோமேட்டிக்ஸ் நிறுவனமும். பெர்ஃப்யூம் என்ற மூன்று பெண் பாடகிகள் 2013இல் பிரான்ஸின் கான் நகரத்தில் நடந்த விளம்பர விழாவில் ஆடியபோது, அவர்கள் நகர நகர அவர்களுடைய வெள்ளை உடை மேலேயே படம் ஒட்டிக்கொண்டு நகர்ந்ததே, அந்தக் கூட்டணிதான். இங்கே படம் உடம்பைத் துரத்துகிறது. துரத்துவதில் உள்ள சிக்கலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேமரா பார்க்க வேண்டும், கம்ப்யூட்டர் யோசிக்க வேண்டும், புரொஜெக்டர் காட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து 60 மில்லி விநாடி ஆகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கையை வீசினால் அதற்குள் கை 18 செ.மீ. தள்ளிப் போயிருக்கும். கிட்டத்தட்ட ஒரு சாண். கையில் விழ வேண்டிய படம் காற்றில் விழும். அதனால் ஆடுபவர் அடுத்து எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே கணித்துப் படத்தை அங்கே அனுப்புவது ஒரு வழி. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று விநாடிக்கு 1,000 படம் காட்டும், 3 மில்லி விநாடிதான் தாமதிக்கும் புரொஜெக்டரைச் செய்து காட்டியது. அதே கை வீச்சில் பிசகு 1 செ.மீ.க்கும் கீழே வந்துவிடும். இன்னொரு தந்திரம் அகச்சிவப்பு ஒளி. கேமரா அதை மட்டும் பார்க்கும்படி வடிகட்டி போட்டுவிட்டால், நாம் வீசும் படத்தையே ஆள் என்று நினைத்து அது ஏமாறாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டம்ப் டைப்புக்கு இந்த இரண்டு வித்தையிலும் பெரிய ஆர்வம் இல்லை. கருவியும் உடம்பும் கச்சிதமாகப் பொருந்துவது அவர்கள் நோக்கமே அல்ல. பொருந்தாமல் இடிக்கும் இடத்தைத்தான் அவர்கள் மேடையில் காட்டினார்கள்.

1984இல் கியோட்டோ நகரக் கலைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. தெய்ஜி ஃபுருஹாஷி, தோரு கொயாமாதா, ஷிரோ தகாதானி, இசைக்கு தோரு யமனாகா என்று ஓவியம், கட்டடக்கலை, வீடியோ, இசை, நாடகம் எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள். இவர் சொல்ல மற்றவர்கள் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. பேசிப் பேசித்தான் ஒவ்வொன்றையும் உருவாக்கினார்கள். பெயரே ஒரு குறும்பு. ஆங்கிலத்தில் ‘டம்ப்’ என்றால் வாய் பேசாத என்றும் அர்த்தம், மந்தமான என்றும் அர்த்தம். வசனத்தை நம்பிய நாடகம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் பேசாத நாடகம். தகவல் மேல் தகவலாக வந்து கொட்டியும் எதுவும் உறைக்காத ஒரு சமூகம், அதனால் மந்தம். ஜப்பானில் பணம் தண்ணீராக ஓடிய எண்பதுகள் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990இல் வந்த ‘பி.எச்.’ என்ற படைப்பைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடையில் மூடியைத் திறந்துவைத்துப் பட்டனை அழுத்தினால் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும் அல்லவா? மேடையே அப்படி ஒரு ஜெராக்ஸ் மெஷின். நீளமான வெள்ளைத் தரை. பார்வையாளர்கள் அதன் இரண்டு பக்கமும் உயரத்தில் உட்கார்ந்து, பள்ளத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்க வேண்டும். தரைக்கு மேலே, மேடையின் குறுக்கே, மோட்டாரில் ஓடும் இரண்டு இரும்பு உத்தரங்கள். ஒன்று தாழ, ஒன்று உயர. விளக்கும் படமும் அவற்றிலிருந்து தரையில் விழும். ஆடுபவர்கள் அந்தத் தரையில்தான் இருக்கிறார்கள். தாழ்ந்த உத்தரம் நெருங்கி வந்தால் தாண்ட வேண்டும், இல்லை அடியில் படுத்துவிட வேண்டும். அது யாருக்காகவும் நிற்காது. ஆடுபவரின் மூச்சு வாங்குகிறதா, புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்ளுமா என்றெல்லாம் நம்மூர் மேடையில் நாம் பார்ப்போமே, அந்தத் தாட்சண்யம் அந்த உத்தரத்துக்குக் கிடையாது.

இதை நடனம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குதிக்கிறார்கள், படுக்கிறார்கள், எழுகிறார்கள், மறுபடி குதிக்கிறார்கள். ஆனால் பத்து நிமிடம் பார்த்த பிறகு ஒன்று புலப்படும். அவர்கள் பயப்படுவதில்லை. உத்தரம் வருவது பழகிவிட்டது. ஒருவர் அலட்சியமாக, ஏறக்குறைய ஒய்யாரமாக, சரியான நொடியில் காலைத் தூக்குகிறார். ஆபீஸ் நேரத்து ரயிலில் கதவு மூடும் நொடியில் உள்ளே நுழைந்துவிடும் ஆட்களுக்கு இருக்கும் அதே லாவகம். இயந்திரத்தோடு வாழ்ந்து வாழ்ந்து உடம்புக்கு வந்துவிட்ட பழக்கத்தை அப்படியே நடனமாக எடுத்துக் காட்டியதுதான் ‘பி.எச்.’

இதற்குப் பிறகு எல்லாம் மாறிப்போனது. தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஃபுருஹாஷி 1992இல் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிச் சொன்னார். அந்தக் காலத்து ஜப்பானை நினைத்துப் பாருங்கள். ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்த, சூடுபடுத்திச் சுத்தம் செய்யாத ரத்தப் பொருள்கள் மூலம் ஏராளமானவர்களுக்கு எச்.ஐ.வி. பரவியிருந்தது. வழக்குகள் நடந்துகொண்டிருந்தன, 1996இல்தான் சமரசம் வந்தது. அதனால் பாவம் என்று பரிதாபப்பட வேண்டிய நோயாளிகள், தானாகத் தேடிக்கொண்ட நோயாளிகள் என்று மக்கள் மனதிலேயே இரண்டு வரிசை விழுந்திருந்தது. ஃபுருஹாஷி தன்பால் ஈர்ப்பாளர், கிளப்புகளில் பெண் வேடமிட்டு ஆடுபவர். அவர் எந்த வரிசையில் நிறுத்தப்படுவார் என்று சொல்லத் தேவையில்லை. குழுவில் இருந்தவர்களும் நண்பர்களும் சேர்ந்து 1993இல் எய்ட்ஸ் சுவரொட்டி இயக்கம் ஒன்றைக் கியோட்டோவில் தொடங்கினார்கள். கூடவே அடுத்த நாடகமும் உருவானது.

அதுதான் ‘எஸ்/என்’. 1994இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் விழாவில் அரங்கேறியது. தலைப்பு ஒலிப்பதிவுக்காரர்களின் பாஷை: வேண்டிய ஒலி எவ்வளவு, வேண்டாத இரைச்சல் எவ்வளவு என்கிற விகிதம். எது ஒலி, எது இரைச்சல் என்று யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி. நான் இதை நேரில் பார்த்ததில்லை, பதிவாகத்தான் பார்த்திருக்கிறேன். தொடக்கமே ஆளை நிமிர்ந்து உட்காரவைக்கும். கோட்டுப் போட்ட மூன்று ஆண்கள் வந்து நிற்கிறார்கள். கோட்டின் மேல் சின்னச் சின்ன அட்டைகள்: ஆண், ஜப்பானியர், தன்பால் ஈர்ப்பாளர், காது கேளாதவர், எச்.ஐ.வி. உள்ளவர். பொருட்காட்சியில் சாமான் மேல் விலைச்சீட்டு ஒட்டியதுபோல. ஃபுருஹாஷி சாவகாசமாகப் பார்வையாளர்களோடு பேசுகிறார். கொஞ்ச நேரத்தில் நமக்கு உறைக்கிறது, இவை பாத்திரங்களுக்கான அட்டைகள் அல்ல, நிற்பவர்களைப் பற்றிய உண்மைகள். பேசாத நாடகம் என்று பெயர் வைத்துக்கொண்ட குழு பேச ஆரம்பித்த இடம் இது.

அப்புறம் அந்தச் சுவர். மேடையின் குறுக்கே ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு நீளச் சுவர். அதன் முகத்தில் படமும் எழுத்துகளும் ஓடிக்கொண்டே இருக்கும். உச்சியில் குறுகலாக ஒரு நடைபாதை. ஆட்கள் அதில் ஓடி வருவார்கள், விளிம்பில் ஒரு கணம் நிற்பார்கள், அப்படியே பின்பக்கம் சரிந்து காணாமல் போவார்கள். மறுபடி வருவார்கள், மறுபடி சரிவார்கள். கீழே சுவரில் எழுத்துகள்: என் பாலினம் மறைந்துபோகக் கனவு காண்கிறேன், என் தேசியம் மறைந்துபோகக் கனவு காண்கிறேன் என்று போகும் வரிகள். வீடியோ இங்கே பின்னணி இல்லை என்பதைக் கவனியுங்கள். படம் தாங்கும் திரையே அவர்கள் விழுந்து மறையும் மதில். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது இல்லை. இடையில் ஃபுருஹாஷி மேடையிலேயே உட்கார்ந்து, பேச்சுவாக்கில் முகத்துக்குப் பூசிக்கொண்டு, விக் வைத்து, பெண் வேடத்துக்கு மாறுகிறார். ஆரம்பத்தில் ஒட்டியிருந்த அட்டை ஒவ்வொன்றும் கண்ணெதிரே கேள்விக்குறியாகிறது. இறுதியில் புபு த லா மத்லேன் என்ற கலைஞர் தன் உடம்புக்குள்ளிருந்து உலக நாடுகளின் கொடிகளைத் தோரணமாக இழுத்துக்கொண்டே வருவார். அந்தக் காட்சி சிலருக்கு முகம் சுளிக்க வைக்கும். எனக்கு அது அந்த நாடகத்திலேயே மிகவும் சாந்தமான நிமிடமாகப் படுகிறது.

அதே 1994இல் ஃபுருஹாஷி தனியாகச் செய்தது ‘லவர்ஸ்’. கேனன் நிறுவனத்தின் கலைத்திட்டத்துக்காக. இதில் மேடையே கிடையாது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் இருட்டறை. நடுவில் நிற்கும் கருவிகளிலிருந்து நான்கு சுவரிலும் ஆளுயர நிர்வாண உருவங்கள், பேய் நிறத்தில், நடக்கின்றன, ஓடுகின்றன. இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று கட்டிக்கொள்வதுபோலத் தோன்றும். வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் படிந்து கடந்து போகும், அவ்வளவுதான். நீங்கள் ஒரு இடத்தில் நின்றால் கருவி அதை உணரும். ஃபுருஹாஷியின் உருவம் உங்களுக்கு எதிரே நின்று, மெல்லக் கைகளை விரிக்கும், அப்படியே பின்னால் சாய்ந்து இருட்டுக்குள் போய்விடும். அவர் 1995 அக்டோபர் 29 அன்று, 35 வயதில் இறந்துபோனார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தப் படைப்பை வாங்கிவைத்திருக்கிறது. லேசர் டிஸ்க்கில் ஓடிய படைப்பு. அந்தக் கருவிகளே வழக்கொழிந்துவிட்டதால் தகாதானியின் உதவியோடு பழுது பார்த்து 2016இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். உருவம் கை விரிக்க எத்தனை நொடி, சாய எத்தனை நொடி என்பதெல்லாம் பழைய கருவிகளின் ஓட்டத்தோடு பிணைந்தது. கருவியை மாற்றும்போது அந்தத் தயக்கத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், புரொஜெக்டர் கட்டிய எனக்கே மலைப்பாக இருக்கிறது.

பிற்பாடு தகாதானி முன்னின்று நடத்திய காலம். 1997இல் ‘ஓ.ஆர்.’: அரைவட்டமாக வளைந்த வெள்ளைத் திரை, பனிப்புயலில் மாட்டிக்கொண்டால் வானம் எது தரை எது என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாகிவிடுமே, அப்படிக் கண்ணை அடிக்கும் வெளிச்சம். உயிருக்கும் சாவுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்கும் படைப்பு. நண்பரை இழந்த இரண்டு வருடத்துக்குள் வந்தது. அதன் ஒலி ரியோஜி இகேடாவுடையது. காதுக்குள் ஊசியாக இறங்கும் கீச்சொலி, மார்பில் அடிக்கும் அடியொலி, நடுவில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. 1999இல் நினைவைப் பற்றி ‘மெமொரண்டம்’, 2002இல் ‘வாயேஜ்’. இவை நேர்த்தியில் ஒரு மாற்றுக் குறையாதவை. ஆனாலும் ‘எஸ்/என்’ஐப் பார்த்துவிட்டு வந்தால் கொஞ்சம் குளிர்ந்துபோனதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. 2020 மார்ச்சில் கியோட்டோவில் நடக்கவிருந்த புதிய நிகழ்ச்சியைக் கொரோனா நிறுத்தியது. 2022இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஜப்பான் அரங்கம் இவர்களுக்குக் கிடைத்தது. இசையமைப்பாளர் ரியுஇச்சி சகமோட்டோவும் உறுப்பினராகச் சேர்ந்தார். சுழலும் கண்ணாடிகள், சுவரில் லேசரில் ஓடும் எழுத்துகள், பழைய பூகோளப் பாடப்புத்தகத்துக் கேள்விகளை வாசிக்கும் குரல்கள். அறையின் நடுவே ஆள் இல்லை. உடம்பே வெளியேறிவிட்ட டம்ப் டைப் அது.

உடம்பைப் பார்க்க வேண்டும் என்றால், தகாதானியும் சகமோட்டோவும் சேர்ந்து 2021இல் ஆம்ஸ்டர்டாமில் மேடையேற்றிய ‘டைம்’ இருக்கிறது. குழுவின் பெயரில் வந்தது அல்ல. மேடை முழுக்கக் கணுக்காலளவுகூட இல்லாத தண்ணீர், பின்னால் படம். ஷோ என்ற மூங்கில்குழல் வாத்தியத்தை ஊதியபடி மயுமி மியாதா தண்ணீரைச் சும்மா நடந்து கடந்துவிடுகிறார். அப்போது 76 வயதான நடனக்கலைஞர் மின் தனாகா, கல் கல்லாக அடுக்கி வழி போட்டுக் கடக்கப் பார்க்கிறார். அவருடைய முதுகெலும்பு வளையும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கல்லை வைத்துவிட்டு அவர் நிமிர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் என்ரா ஒரு முழு நிகழ்ச்சியையே முடித்துவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். முதலில் என்ராவின் சின்ன வீடியோ ஒன்று, சந்தோஷமாக இருக்கும். அதற்குப் பிறகு ‘பி.எச்.’ பதிவு கிடைத்தால் அது, பிறகு ‘எஸ்/என்’. ‘ஓ.ஆர்.’ பார்ப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. மின்னி மின்னி அணையும் வெளிச்சம் நிறைய உண்டு. வலிப்பு வரக்கூடியவர்கள் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இகேடாவின் அடியொலி அதில் வரவே வராது, பாதி நாடகம் ஊமைப்படமாகிவிடும். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், சத்தத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.